வேப்பமரத்தடியில் மூன்று பேர்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சார், சீனரி வரைஞ்சு பிழைக்க முடியுமா?" என்பதுதான். முடியும். நான் பிழைத்திருக்கிறேன். வீடு கட்டியிருக்கிறேன், பெண்ணைக் கட்டிக்கொடுத்திருக்கிறேன், வசதியானவர்களுக்கு வருகிற வியாதிகள் எல்லாம் எனக்கும் வந்திருக்கின்றன. வண்ணம் கலப்பது, தூரிகை பிடிப்பது எல்லாம் உங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இல்லாவிட்டால் கைபேசியில் யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். அதற்கு நான் வேண்டாம். படம் முடிந்து, சட்டம் போட்டு, சுவரில் மாட்டி, எல்லாரும் மறந்துபோன பிறகு வருகிற சிக்கல் ஒன்று உண்டு. அதை எந்தப் பாடத்திட்டத்திலும் சேர்க்கவில்லை.

நான் படித்தது கவின்கலைக் கல்லூரியில். வேலை பார்த்தது சிவகாசியில், ஒரு காலண்டர் அச்சகத்தின் ஓவியப் பிரிவில். அருவி, பனிமலை, ஓட்டு வீடு, வாத்து நீந்தும் குளம் என்று வெயிலில் காய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்கே குளிர்ச்சி விநியோகம் செய்தேன். பனியை நான் நேரில் பார்த்தது பிரிட்ஜுக்குள் மட்டும்தான். காலண்டர் சீனரிக்குச் சட்டதிட்டங்கள் உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் பார்ப்பவரை நோக்கி ஓடி வர வேண்டும். விலகி ஓடினால் வீட்டுச் செல்வம் கூடவே போய்விடும். பட்ட மரம் கூடாது. படகு இருந்தால் அதில் ஆள் இருக்க வேண்டும். வீடு இருந்தால் கதவு திறந்திருக்க வேண்டும். சூரியன் உதிக்கலாம், மறையக் கூடாது.

ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதும் ஆர்டர் கொடுக்க வந்த இரும்புக்கடைக்காரர் ஒருவர் என் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, இது உதிக்கிற சூரியனா, மறையுற சூரியனா?"

"உதிக்கிறது."

"எப்படிச் சொல்றீக?"

"நான்தானே வரைஞ்சேன்."

அவர் யோசித்தார். "அப்ப அதைக் கீழ எழுதிருங்க. வாங்கிட்டுப் போறவனுக்கு உங்களைத் தெரியாதுல்ல."

எழுதினோம். ஆங்கிலத்தில், தங்க நிறத்தில். அந்த வருடம் அதிகம் போனது அந்தப் படம்தான்.

காலண்டர் வயிற்றுக்கு. மனதுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வைக்கிற ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மல்லாங்கிணறு பக்கம் போய்விடுவேன். கரிசல் காட்டைக் கறுப்பு என்று நினைக்கிறவன் அதன் எதிரில் உட்கார்ந்து பார்த்ததில்லை. உழுத மறுநாள் அது ஊதா. மழைக்கு முன்னால் ஒரு மாதிரி நீலம். கோடையில் வெடித்துக் கிடக்கும்போது சாம்பல். இதையெல்லாம் அமைதியாக உட்கார்ந்து பார்க்கலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. நம் மாவட்டத்தில் ஒருவன் நிலத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவன் சர்வேயர், அல்லது நிலத் தரகர். மூன்றாவது வகை கிடையாது.

"சார், நாலு வழிச் சாலையா, இல்ல சோலாரா?" என்று துண்டை உதறிக்கொண்டு வருவார் நிலத்துக்காரர்.

"இல்லீங்க. படம் வரையுறேன்."

"எதுக்கு?"

"அழகா இருக்கு."

அவர் தம் நிலத்தைத் திரும்பி ஒருமுறை பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். "விலை சொல்ல மாட்டேங்குறீக, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அப்படி வரைந்த கரிசல் படங்கள் இரண்டு மூன்றை விருதுநகரில் ஒரு கண்காட்சியில் வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் சாத்தூர் பக்கத்துப் பட்டாசு ஆலை முதலாளி ஒருவர் என்னைத் தேடி வந்தார். அப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆலையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவரையும் முதலாளி என்றே சொல்கிறேன். நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார்.

"என் கம்பெனியை அப்படியே வரையணும் அண்ணாச்சி. ஆபீஸ் சுவர் முழுக்க வரணும். வடக்கேயிருந்து வர்ற பார்ட்டி பாத்தவுடனே மலைக்கணும்."

"அப்படியே என்றால் அப்படியேதான் வரைவேன். பச்சை சேர்க்கச் சொல்லக் கூடாது."

"ஒரு வேப்பமரம் நிக்கி. அதையாச்சும் பச்சையா போடுவீகளா?"

"அது பச்சையாக இருந்தால் போடுவேன்."

பட்டாசு ஆலை என்பது நிலக்காட்சிக்கென்றே அமைத்த மாதிரி இருக்கும். பெரிய கட்டடம் கிடையாது. வெட்டவெளியில் சின்னச் சின்ன வெள்ளை அறைகள், ஒன்றுக்கொன்று விலகி, சண்டை போட்டுக்கொண்ட பங்காளிகள் மாதிரி நிற்கும். ஒன்று வெடித்தால் அடுத்ததைத் தொடக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. அழகுக்காக யாரும் அப்படி வைக்கவில்லை. ஆனால் அழகாக இருக்கும்.

முதல் நாள் வாசலிலேயே போர்மேன் என்னை நிறுத்திவிட்டார். கைபேசியை வாங்கி வைத்தார். இரும்பு ஸ்டாண்டை ஓரமாகச் சாய்த்தார். எண்ணெய் வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் பாட்டிலை மோந்து பார்த்ததும் அவர் முகம் மாறியது. "சார், இதை உள்ள கொண்டு போனா நீங்க வரைய வேண்டியதே இல்ல. எல்லாமே சீனரியாயிரும்."

விதிகளை மதிக்கிறவன் நான். மதிக்காதவனைக் கண்டால் எனக்கு ஆகாது. மறு பேச்சுப் பேசாமல் வெளியே வந்து, வேலிக்கு வெளியே தெற்கே இருந்த கண்மாய்க் கரையில் ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் ஆலை முழுவதும் தட்டில் வைத்த மாதிரி தெரிந்தது. தண்ணீரில் கரையும் வண்ணங்களை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, மாசி மாதத்துக் காலை வெளிச்சத்தில் படத்தை முடித்தேன். எங்கள் ஆசிரியர் ஒருவர் சொல்வார்: "ஆள் இல்லாத நிலத்துக்கு அளவு தெரியாது. ஒருத்தரையாவது வை." வேப்பமரத்தடியில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தூரிகையால் மூன்று தொடுகை: சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று. மரம் எவ்வளவு பெரியது, வானம் எவ்வளவு உயரம் என்பது உடனே தெரிந்துவிட்டது. எனக்குத் திருப்தி. முதலாளிக்கும் திருப்தி. ஆபீஸில் அவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார்.

ஆவணி மாதம், தீபாவளி சீசன் உச்சத்தில் இருக்கும்போது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. அந்தக் குரலில் சத்தமே இல்லை.

"அண்ணாச்சி, பெயிண்ட்டு பிரஷ்ஷு எல்லாத்தையும் தூக்கிட்டு ஒடனே வாங்க. கார் அனுப்பியிருக்கேன்."

போய் இறங்கியபோது ஆபீஸ் வராந்தாவிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆய்வுக் குழு வந்திருக்கிறது. வந்த பெண் அதிகாரி, பதிவேடுகளை எடுத்து வரும்வரை எதிரே சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். படத்தில் முன்னால் இரண்டு அறைகள். அவற்றுக்கு நடுவே இன்னொரு கூரை. ஆனால் தரையில் அந்த இரண்டு அறைகளுக்கு நடுவே இருப்பது வெறும் மண். ஆய்வு வருகிறது என்று தெரிந்ததும் தகரக் கொட்டகையைப் பிரித்து எறிவதும், குழு திரும்பிப் போனதும் மறுபடி கட்டுவதும் சில இடங்களில் நடப்பதுதான். அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது: இங்கேயும் அனுமதியில்லாத ஓர் அறை இருந்து, பிரிக்கப்பட்டிருக்கிறதா?

"அங்கன நான் ஒண்ணுமே கட்டலை அண்ணாச்சி. என் மக்கமேல சத்தியம். ஆனா அவுக படத்தைக் காட்டிக் கேக்காக. லைசென்ஸை நிறுத்தி வச்சா இந்த சீசன் போச்சு. போட்ட ஆர்டர் அம்புட்டும் போச்சு. வேலைக்கு வர்ற சனத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"அதிகாரி எங்கே?"

"ரூம்களைப் பாக்கப் போயிருக்காக. வாறதுக்குள்ள அந்தக் கூரையை மட்டும் அழிச்சிருங்க. அந்த எடத்துல பச்சையா ஒரு மரத்தை வச்சிருங்க. உங்களுக்கு அது எம்புட்டு நேரம்?"

அது பெரிய வேலை இல்லை. அவர் சொன்ன மரத்தை ஒரு டீ ஆறுவதற்குள் வைத்துவிடலாம். இளையவர்களே, இந்த இடத்தில் கவனமாகக் கேளுங்கள். பதற்றத்தில் இருக்கும் வாடிக்கையாளர் உங்கள் கையைத்தான் நம்பி வருவார். அப்போது கையைக் கட்டிக்கொள்ளத் தெரிய வேண்டும்.

"அந்தம்மா கூரையைப் பார்த்துட்டாங்களா?"

"பாத்துட்டாக."

"பார்த்துட்டுப் போன கூரை, திரும்பி வரும்போது ஈர மரமா நின்னா என்ன நினைப்பாங்க?"

முதலாளி பிடித்திருந்த என் கையை விட்டார்.

"படத்தைத் தொட மாட்டேன். அந்தக் கூரை பொய் இல்லை. உங்க வடக்கு வேலியோரம் ஒரு ஸ்டோர் இருக்கே, அதோட கூரை அது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் இந்த ரெண்டு ரூமுக்கும் நடுவில் எட்டிப் பார்க்கும். தூரத்தில் இருப்பது பக்கத்தில் இருக்கிற மாதிரி தெரியுது, அவ்வளவுதான்."

"இதை நான் சொன்னா அவுக நம்புவாகளா?"

"நீங்க சொல்ல வேண்டாம். நான் உட்கார்ந்த இடத்துக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போவோம். படத்தையும் தூக்கச் சொல்லுங்க."

அதிகாரி வந்தார். நடுவயதுப் பெண், தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக, வெயிலில் நடந்து பழகியவர். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "சரி, போகலாம்" என்றார். ஒரு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் போர்மேனும் வாட்ச்மேனும் சட்டம் போட்ட படத்தை இரு பக்கமும் பிடித்து, சப்பரம் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பின்னால் அதிகாரி, அவருடைய ஆட்கள், நான், மேல்மூச்சு வாங்கும் முதலாளி. அறைகளின் வாசலில் இருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏண்ணே, என்னத்தைத் தூக்கிட்டுப் போறீக?" என்று ஒரு குரல்.

"உங்க முதலாளியைத்தான்" என்றார் போர்மேன் திரும்பாமலே.

கண்மாய்க் கரையில் நான் உட்கார்ந்த இடத்தைச் சீமைக்கருவேலம் மூடியிருந்தது. வாட்ச்மேன் வெட்டி வழி பண்ணினார். நான் மடக்கு ஸ்டூலை விரித்து, கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, திரும்ப வலப்பக்கம் நகர்த்தி, "இங்கே உட்காருங்க மேடம்" என்றேன். அவர் உட்கார்ந்தார். எதிரே ஆலை. இரண்டு அறைகள். நடுவில், வேலியோர ஸ்டோரின் கூரை, படத்தில் இருக்கிற அதே அளவுக்கு, அதே கோணத்தில்.

அவர் எழுந்து நின்றார். கூரை பின்னுக்குப் போய்த் தனியாகத் தெரிந்தது. உட்கார்ந்தார், மறுபடி நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார்.

"நல்லா இருக்கு சார். படத்தைக் கொஞ்சம் பக்கத்தில் பிடிங்க."

போர்மேனும் வாட்ச்மேனும் பிடித்தார்கள். அவர் படத்தையும் ஆலையையும் மாறி மாறிப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். தண்ணீர்த் தொட்டி சரி. இரண்டு பனைமரம், அதில் ஒன்று சாய்ந்தது, சரி. இடிதாங்கிக் கம்பிகள் சரி. வேலியில் ஒரு கல்தூண் விழுந்திருந்தது. அதுகூட விழுந்தபடியே இருந்தது.

"இல்லாத எதையும் போடவே இல்லையா சார் நீங்க?"

எனக்குள் ஒரு மயில் தோகையை விரித்தது. எத்தனையோ வருடம் வாத்துக்குளமாக வரைந்து தள்ளியவனை, அரசாங்கமே நேரில் வந்து, நீ கண்டதைத்தான் வரைகிறாய் என்று சொல்கிறது. "பார்க்காத எதையும் போடுவதில்லை மேடம். அதுதான் என் வழக்கம்" என்றேன், கேட்டதற்கும் அதிகமாகவே. முதலாளி என் முதுகைத் தட்டினார். டீக்கும் வடைக்கும் ஆள் அனுப்பினார்.

அதிகாரி இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ மரத்தடியில் இருக்கிற இந்த மூணு பேரும் இருந்தவங்கதானே?"

அறைக்கு வெளியே, மரத்தடியில் வெடி சம்பந்தப்பட்ட எந்த வேலையும் செய்யக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. முதலாளிதான் முந்திக்கொண்டார். "சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக மேடம். மத்தியானச் சாப்பாடு."

அதிகாரி படத்தில் மரத்தின் நிழலைத் தொட்டுக் காட்டினார். அது மேற்கே நீண்டு கிடந்தது. நிழலைச் சரியாகப் போடுவதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. "இது காலை வெயில் சார்."

"அப்ப காலைச் சாப்பாடா இருக்கும்."

அவர் முதலாளியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க ஆர்ட்டிஸ்ட் சார். உங்களை நான் நம்பறேன்."

எனக்கு இருந்த வழிகள் சில. அளவுக்காக ஆள் வைப்பது ஓவிய மரபு, அவர்கள் கற்பனை என்று சொல்லலாம். எல்லாப் பாடநூலும் எனக்குச் சாட்சி சொல்லும். ஆனால் இல்லாத ஆளைப் போடுகிறவன் இல்லாத கூரையையும் போட்டிருப்பான். சற்றுமுன் காப்பாற்றிய உரிமம் அதோடு போய்விடும். தூரத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை என்று சொல்லலாம். விழுந்த கல்தூண் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லையா? இதெல்லாம் சாமர்த்தியக் கணக்கு. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. நான் அன்று காலை பார்த்தது எனக்குத் தெரியும். மடியில் வெடிக் குவியல், கையில் நூல், பார்க்காமலே ஓடுகிற விரல்கள். அந்தக் குவியலில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊர்களில் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஆளை இழந்த ஒரு வீடு இருக்கிறது.

"சரம் பின்னிக்கிட்டிருந்தாங்க" என்றேன்.

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. கண்மாயைப் பார்த்தார். "நானா போயி உக்காரச் சொன்னேன்?" என்றார், கண்மாயிடம்.

குறைகளைச் சரிசெய்யும்வரை வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லி அன்றே உத்தரவு எழுதப்பட்டது. வந்த வடை ஆறிப்போனது. திரும்பிப் போக எனக்குக் கார் இல்லை. பெயிண்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

நிறுத்தத்தில் எனக்கு முன்னாலேயே வேலை நின்ற பெண்கள் கூட்டம் வந்திருந்தது. செய்தி என்னைவிட வேகமாக நடந்திருக்கிறது. அரக்குச் சேலை கட்டிய ஒரு பெண் நேராக என் முன்னால் வந்து நின்றார். பேச்சியம்மாள் என்று பெயர். மரத்தடி மூவரில் ஒருவர் என்பது அவர் பேச ஆரம்பித்ததும் தெரிந்தது.

"நீங்கதானா அந்த ஆர்ட்டிஸ்டு? எங்களைப் படம் பிடிச்சுக் குடுத்தவுக?"

"பிடிக்கலைம்மா. வரைஞ்சேன்."

"வரையுற கைக்கு வாய் எதுக்கு அண்ணாச்சி? பேசாம இருந்திருக்கலாம்ல? தீவாளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி நீங்க எடுத்துத் தர்றீகளா?"

"அந்தக் குவியல்ல ஒரு பொறி விழுந்தா என்ன ஆகும்னு…"

"தெரியாதாக்கும்!" என்றார். கூட்டமே சிரித்தது. "எங்க சின்னம்மா மக அப்படித்தான் போனா. நீங்க எனக்குச் சொல்றீகளா? ரூமுக்குள்ள காலையிலயே அவிஞ்சு போகுதுய்யா. இருக்கிறது ஒத்த மரம். போய் உக்காந்தோம். எங்களைக் கேட்டா வரைஞ்சீக?"

கேட்கவில்லை. ஒரு மரத்துக்கு அளவு காட்ட மூன்று பேரைப் பிடித்து உட்காரவைத்தேன். அவர்களுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது என்பதோ, அந்த வேலையில் ஒரு தப்பு இருந்தது என்பதோ, தப்புக்கு ஒரு காரணம் இருந்தது என்பதோ வரையும்போது எனக்குத் தோன்றவே இல்லை. சிவப்பு, பச்சை, மஞ்சள், அவ்வளவுதான். நான் அதிகாரியிடம் சொன்னது சரி என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் பேச்சியம்மாள் கேட்டதும் சரிதான். ஆகவே நிலக்காட்சிக்குள் ஆள் வைக்கும் இளையவர்களுக்கு என் அறிவுரை சுருக்கமானது: எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து வரையுங்கள். நடக்கச் சோம்பலாக இருந்தால் மாட்டை வையுங்கள்.

புரட்டாசியில் ஆலை திறந்தது. அறைகளுக்குக் காற்று வர வழி விட்டிருந்தார்கள். கூரைமேல் வெள்ளை அடித்திருந்தார்கள். மரத்தைச் சுற்றிக் கம்பி வேலி. வேலை நின்றிருந்த நாட்களுக்கு முதலாளி முழுதாக ஈடுகட்டினார் என்று சொல்ல மாட்டேன். ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"கோவம் இல்ல அண்ணாச்சி. அந்த மூணு பேரை மட்டும் எடுத்துக் குடுத்துருங்க. நாற்காலியில உக்காந்தா முதுகுல குத்துறாக."

"விற்ற படத்தைத் தொடுகிற வழக்கம் இல்லை."

"உங்க வழக்கம் எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். பழைய சத்தம் திரும்பியிருந்தது. படத்தைக் கழற்றி, பெண்கள் சாப்பிடுகிற கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். ஆபீஸ் சுவருக்கு ஒரு பனிமலை வாங்கி மாட்டிக்கொண்டார். நான் வரைந்ததுதான், பழைய காலண்டரிலிருந்து பெரிதாக்கியது. அவருக்கு அது தெரியாது.

படத்தைப் பெண்கள் அப்போதுதான் கிட்டத்தில் நின்று பார்த்தார்கள். ஆய்வு நடந்த அன்று விட்டுவிட்டுப் போன ஸ்டூலை எடுக்க நான் அந்தப் பக்கம் போனபோது கொட்டகையே இரைச்சலாக இருந்தது.

"இது நான்தான்டி. இந்தா, சீலை."

"உன் சீலை அரக்கு. இது செவப்பு. இது நீ இல்ல பேச்சியக்கா, வேற எவளோ."

"வெயில்ல அரக்கு அப்படித்தான் தெரியும்" என்றேன் நான். எல்லாரும் திரும்பினார்கள்.

பேச்சியம்மாள் சோற்றுக்கையோடு படத்துக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணாச்சி, இன்னொரு படம் போடுவீகளா? பெருசா வேண்டாம்."

"என்ன படம்?"

"நாங்க மூணு பேரும் சும்மா உக்காந்திருக்கிற மாதிரி. வேலையும் பாக்கக் கூடாது, சாப்பிடவும் கூடாது. சும்மா. ஒரு படத்துலயாச்சும் இருந்துட்டுப் போறோம்."

கேட்டுவிட்டு வரையுங்கள் என்று சொன்னேன் அல்லவா? இது அவர்களே கேட்டது. ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரைக்கு வந்தார்கள். பவுடர் பூசி, பூ வைத்து, கல்யாண வீட்டுக்குப் போகிற சேலையில். கண்மாயில் முந்தின வார மழை கொஞ்சம் தேங்கிக் கிடந்தது. மூவரும் கரைச் சரிவில் கோரைக்கு நடுவே உட்கார்ந்தார்கள்.

"எப்படி உக்காரணும்?"

"சும்மா."

சும்மா இருப்பது அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஒருவர் முதுகை விறைத்துக்கொண்டார், மாத்திரை வாங்க வரிசையில் நிற்கிற மாதிரி. இன்னொருவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம், "முடிஞ்சிருச்சா?" என்றார். பேச்சியம்மாள்தான் நன்றாக உட்கார்ந்திருந்தார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, பேசிக்கொண்டு, தன்னை மறந்து. நான் தண்ணீரை முடித்தேன், சரிவை முடித்தேன், அவருடைய சேலையை முடித்துவிட்டுக் கைக்கு வந்தேன். அந்தக் கைகள் பக்கத்தில் இருந்த கோரையைப் பறித்து, பின்னிக்கொண்டிருந்தன. மடியில் ஏற்கனவே ஒரு முழம் சேர்ந்திருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

நான் பார்த்ததை வரைந்தேன்.

முடிந்ததும் மூவரும் எழுந்து வந்து படத்தைச் சுற்றி நின்றார்கள். பேச்சியம்மாள் முகத்தைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், பிறகு மடியைப் பார்த்தார்.

"ஏ அண்ணாச்சி, சும்மா இருக்கிற மாதிரில்ல கேட்டேன்?"

"நீங்க சும்மா இருக்கலையேம்மா."

அவர் குனிந்து தம் கையைப் பார்த்தார். கோரைப் பின்னல் இன்னும் அதில்தான் இருந்தது. மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். பின்னலைக் கண்மாய்க்குள் எறிந்தார்.

"சரி, கெடக்கட்டும். அது கோரைதான்னு கீழ எழுதிருங்க. அந்த மேடம் பாத்தாகன்னா இந்தக் கண்மாயையும் மூடிட்டுப் போயிருவாக."